வரைபடத்துக்கு வெளியே வாழ்ந்தவர்கள்

எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டத்தில் தொடங்கி மாநகரமாக உயர்ந்த பெட்டாலிங் ஜெயாவின் வரலாறும், அந்த வளர்ச்சியின் கணக்கில் சேராமற்போன தமிழ்க் குடும்பங்களும்

கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கிச் செல்லும் கூட்டரசு நெடுஞ்சாலையில், கோத்தா டாருல் ஏசான் எனப்படும் பெருவளைவைக் கடந்ததும் சிலாங்கூர் மாநிலத்தின் பெட்டாலிங் ஜெயா தொடங்குகிறது. காலை ஏழு மணிக்கு அந்த வளைவின் கீழ் வாகனங்கள் நெருக்கியடித்து நிற்க, இலகு ரயில் தாமான் ஜெயா, ஏசியா ஜெயா நிலையங்களில் அலுவலகப் பணியாளர்களை இறக்கிவிட்டுச் செல்கிறது. நெடுஞ்சாலைக்குத் தெற்கே பழைய டவுனில், 1950களின் சிறுமனைகளில் எழுந்த வீடுகளுக்கு நடுவே ஜாலான் ஒத்மான் சந்தை இரைச்சலோடு விழித்துக்கொள்கிறது. இன்னும் தெற்கே, கிள்ளான் ஆற்றுப் பக்கம், துணி காயும் நடைகளும் பழுதடைந்த மின்தூக்கிகளும் கொண்ட மலிவு விலை அடுக்குமாடிகளிலிருந்து தொழிற்சாலைப் பணிக்கும் துப்புரவுப் பணிக்கும் காவல் பணிக்கும் புறப்படுவோரில் கணிசமானவர்கள் தமிழர்கள். ஒரே மாநகரத்துக்குள் சில கிலோமீட்டர் இடைவெளியில் நிற்கும் இந்த மூன்று காட்சிகளும் ஒரே வரலாற்றின் மூன்று விளைவுகள்.

மலாயாவில் திட்டமிட்டுக் கட்டப்பட்ட முதல் புதுநகரம் என்ற பெருமை பெட்டாலிங் ஜெயாவுக்கு உண்டு. எழுபது ஆண்டுகளைக் கடந்துவிட்ட அந்நகரத்தின் பழைய பகுதிகளை இடித்து மீண்டும் கட்டுவது பற்றிய பேச்சு இப்போது வீடுதோறும் நடக்கிறது. நகர்ப்புறப் புதுப்பிப்புச் சட்ட மசோதா 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்துக்கு வந்தபின், எந்தக் கட்டடம் இடிபடும், யாருடைய ஒப்புதல் வேண்டும், அங்கே குடியிருப்போர் எங்கே போவார்கள் என்னும் கேள்விகள் பரவலாக எழுந்துள்ளன. இவற்றுக்கு விடை தேடுவோர் இந்நகரம் தன் முதல் எழுபது ஆண்டுகளில் யாரைக் கணக்கில் சேர்த்தது, யாரை விட்டது என்பதை அறிந்துகொள்வது அவசியம். நிலத்தின் உடைமைப் பத்திரம் வைத்திருப்பவரை மட்டுமே அந்த நிலத்தில் இருப்பவராகக் கருதும் வழக்கம் இந்நகரத்தின் தொடக்கம் முதலே இருந்து வந்துள்ளது. அதன் விலையைப் பெருமளவில் கொடுத்தவர்கள் தோட்டத் தமிழர்கள்.

நெருக்கடியில் பிறந்த புதுநகரம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கோலாலம்பூர் தன் எல்லைக்குள் அடங்காத வேகத்தில் வீங்கியது. 1947ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 1,76,000 ஆக இருந்த அதன் மக்கள்தொகை, 1957இல் 3,16,000ஐத் தாண்டியது. 1948இல் அறிவிக்கப்பட்ட அவசரகாலம், அதாவது மலாயாக் கம்யூனிஸ்டுக் கட்சியின் ஆயுதப் போராட்டத்தை ஒடுக்கப் பிரித்தானிய ஆட்சி மேற்கொண்ட பன்னிரண்டாண்டு நடவடிக்கை, கிராமப்புற மக்களை நகரத்தை நோக்கித் தள்ளியது. காலியாகக் கிடந்த நிலங்களில் அனுமதியின்றிப் பலகை வீடுகள் முளைத்தன; மலேசியத் தமிழர் இவற்றைப் புறம்போக்கு வீடுகள் என்பர். அங்கு வாழ்ந்தோரைக் கண்காணிப்புக்கு உட்பட்ட வேறோரிடத்தில் குடியமர்த்த வேண்டும் என்ற பாதுகாப்புக் கவலையும், தலைநகரின் வீட்டுப் பற்றாக்குறையும் சேர்ந்து புதுநகரம் ஒன்றுக்கான தேவையை உருவாக்கின.

கோலாலம்பூருக்குத் தென்மேற்கே இருந்த எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டத்தின் 1,200 ஏக்கர் இதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1952இல் முதல் 800 வீடுகளின் கட்டுமானம் தொடங்கியது. இன்று பழைய டவுன் என வழங்கும் செக்‌ஷன் 1 முதல் 4 வரையிலான பகுதி அவ்வாறு உருவானதே. 1958க்குள் 3,200க்கும் மேற்பட்ட வீடுகளும் நூற்றுக்கு மேற்பட்ட கடைகளும் 28 தொழிற்சாலைகளும் அங்கே இருந்தன. ஆறே ஆண்டுகளில் நிகழ்ந்த வளர்ச்சி இது.

பெட்டிச் செய்தி 1: முக்கிய ஆண்டுகள்

- 1952: எஃபிங்ஹாம் தோட்ட நிலத்தில் முதல் வீடுகளின் கட்டுமானம்.
- 1954: நகருக்கெனத் தனி நிர்வாக அமைப்பு உருவாதல். பின்னாளில் மருத்துவமனையாக வளர்ந்த அசுந்தா மருந்தகம் கன்னியர்களால் தொடக்கம்.
- 1972: சுங்கை வே தடையற்ற வணிக வட்டாரம்.
- 1974: கோலாலம்பூரைச் சிலாங்கூர் மாநிலம் கூட்டரசுக்கு விட்டுக்கொடுத்தல். பெட்டாலிங் ஜெயா சிலாங்கூரின் எல்லை நகரமாதல்.
- 1977: நகராண்மைக் கழகத் தகுதி.
- 1998: கிளானா ஜெயா இலகு ரயில் சேவை.
- 2006 ஜூன் 20: மாநகரத் தகுதி.
- 2016: கோத்தா டாமான்சாரா, பண்டார் உத்தாமா வழியாகப் பெருவிரைவு ரயில் சேவை.

அண்டைப்புறம் என்ற அலகு

பெட்டாலிங் ஜெயாவின் வரைபடத்துக்குப் பின்னே இரண்டு சிந்தனைகள் இருந்தன. பிரிட்டனில் எபனேசர் ஹவர்ட் 1898இல் முன்வைத்த தோட்டநகரக் கருத்து, அதாவது தொழிலும் குடியிருப்பும் பசுமையும் ஒருங்கே அமைந்த அளவான நகரம் என்ற கனவு, 1946ஆம் ஆண்டின் புதுநகரச் சட்டமாக அங்கே உருக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் கிளாரன்ஸ் பெர்ரி 1929இல் வகுத்த அண்டைப்புற அலகு என்ற முறை, ஒரு தொடக்கப்பள்ளியை நடுவில் வைத்து, குழந்தை பெருஞ்சாலையைக் கடக்காமல் நடந்து செல்லக்கூடிய தொலைவுக்குள் வீடுகளையும் கடைகளையும் விளையாட்டுத் திடலையும் அமைக்கச் சொன்னது. பெட்டாலிங் ஜெயாவில் செக்‌ஷன் எனப்படும் ஒவ்வொரு பிரிவும் இத்தகைய அலகாகவே திட்டமிடப்பட்டது.

இத்திட்டத்தின் நன்மைகள் இன்றும் கண்கூடு. பழைய செக்‌ஷன்களில் நிழல்தரும் மரங்களும், நடந்து எட்டக்கூடிய கடைவரிசையும், வீட்டருகே திடலும் இருக்கின்றன. புக்கிட் காசிங் காடு நகரின் விளிம்பில் பசுமையாகத் தங்கியிருக்கிறது. பின்னாளில் தனியார் மேம்பாட்டாளர்கள் கட்டிய பல தாமான்களில், அதாவது வீடமைப்புப் பகுதிகளில், காணக்கிடைக்காத ஒழுங்கு இது. திட்டமிடல் மக்களின் அன்றாட வாழ்வை எவ்வளவு இலகுவாக்க முடியும் என்பதற்கு இந்நகரம் ஒரு நற்சான்று. ஆகவேதான் அந்தத் திட்டம் எங்கே நின்றுபோனது என்ற கேள்வி கூடுதல் கனம் பெறுகிறது.

யாருக்காகக் கட்டப்பட்டது, யாரிடம் சேர்ந்தது

குறைந்த வருமானத்தினரைக் குடியமர்த்தும் நோக்கோடு தொடங்கிய நகரம், ஒரு தலைமுறைக்குள் நடுத்தர வகுப்பாரின் நகரமாக மாறியது. விடுதலைக்குப் பின் விரிவடைந்த அரசுப் பணித்துறை, 1959இல் லெம்பா பந்தாயில் காலூன்றிய மலாயாப் பல்கலைக்கழகம், கூட்டரசு நெடுஞ்சாலை ஆகிய மூன்றும் பெட்டாலிங் ஜெயாவை அதிகாரிகளும் ஆசிரியர்களும் விரும்பும் இடமாக்கின. புவியியலாளர்கள் டி.ஜி. மெக்கீயும் டபிள்யூ.டி. மெக்டாகர்ட்டும் 1967இல் வெளியிட்ட சமூகப் பொருளாதார ஆய்வு, இந்நகரத்தை மூன்றாம் உலக நகராக்கத்தின் முக்கிய எடுத்துக்காட்டுகளில் ஒன்றாகப் புவியியல் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. காசிங் குன்றை ஒட்டிய மனைகளில் தனி மாளிகைகளும், பழைய டவுனில் சிறுவீடுகளுமாக வருமான வேறுபாடு நிலத்தின் உயர்வு தாழ்வோடு சேர்ந்தே பதிந்தது.

நடுத்தர வகுப்புத் தமிழர்களும் இந்த மாற்றத்தில் பங்குபெற்றனர். ரயில்வே, மருத்துவம், கல்வி, எழுத்தர் பணி ஆகிய துறைகளில் இருந்த தமிழக, யாழ்ப்பாணக் குடும்பங்கள் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் செந்தூலிலிருந்தும் பெட்டாலிங் ஜெயாவுக்கு நகர்ந்து, கடன் பெற்று வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிக்க வைத்தன. ஜாலான் சிலாங்கூரில் அமைந்த ஸ்ரீ சித்தி விநாயகர் ஆலயம், பிஜே பிள்ளையார் கோயில் என்ற பெயரில், அச்சமூகத்தின் மையமாக வளர்ந்தது. ஆக, பெட்டாலிங் ஜெயாவின் தமிழ் வரலாறு ஒன்றல்ல, இரண்டு. பத்திரத்தோடு குடிவந்தவர்களின் வரலாறு ஒன்று. பத்திரமில்லாமல் முன்பே அந்த மண்ணில் உழைத்தவர்களின் வரலாறு மற்றொன்று.

பெட்டிச் செய்தி 2: முகவரியே ஒரு வரலாற்று வரைபடம்

பெட்டாலிங் ஜெயாவின் சாலைகளில் பெரும்பாலானவை பெயர்களால் அல்லாமல் எண்களால் அறியப்படுகின்றன. செக்‌ஷன் எண்ணும் சாலை எண்ணும் மட்டும் கொண்ட முகவரிகள், முதலில் திட்டமிடப்பட்ட நகரத்தைக் குறிக்கின்றன. ‘எஸ்.எஸ்.’ என்று தொடங்குபவை 1960களின் பிற்பகுதியிலிருந்து வளர்ந்த சுங்கை வே - சுபாங் வட்டாரம். ‘பி.ஜே.எஸ்.’ என்பது கம்போங் மேடான் உள்ளிட்ட பெட்டாலிங் ஜெயா செலாத்தான், அதாவது தெற்கு. ‘பி.ஜே.யூ.’ என்பது பண்டார் உத்தாமா, டாமான்சாரா பகுதிகள் அடங்கிய உத்தாரா, அதாவது வடக்கு. தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் எந்த வரிசையில் நகரமாயின என்பதை இந்த எழுத்துகளைக் கொண்டே பெருமளவு ஊகிக்கலாம்.

தோட்டம் மறைந்தபோது

ரப்பர் தோட்டம் என்பது வேலையிடம் மட்டுமன்று. லயம் எனப்படும் வரிசை வீடுகள், தொடக்கப்பள்ளி, மாரியம்மன் கோயில், மருந்துக் கொட்டகை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை, சுடுகாடு என ஒரு முழு ஊரின் அமைப்பு அதற்கு இருந்தது. அண்டைப்புற அலகு என்று திட்டமிடுவோர் எதைக் காகிதத்தில் வரைந்தார்களோ, அதற்கு இணையான ஒன்று, வறுமையும் கட்டுப்பாடும் நிறைந்த வடிவத்தில், தோட்டங்களில் ஏற்கெனவே இருந்தது. ஆயினும் அந்த ஊரின் எந்தப் பகுதியும் அதில் வாழ்ந்தோருக்கு உடைமையாக இருந்ததில்லை. லயத்து வீடு வேலையோடு கட்டுண்டது, வேலை போனால் வீடும் போகும்.

1950களின் பிற்பகுதியிலிருந்து ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டுகளாக விற்கத் தொடங்கின. இதைத் தோட்டத் துண்டாடல் என்பர். 1970கள் தொடங்கி 1990கள் வரை கிள்ளான் பள்ளத்தாக்கில் அடுத்த அலை எழுந்தது: ரப்பரின் விலையைவிட வீட்டுமனையின் விலை பன்மடங்கு உயர்ந்தபோது, தோட்டங்கள் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் பேரங்காடிகளாகவும் மாறின. எஃபிங்ஹாம் தோட்டத்தின் பெயரோடு தொடர்புடைய நிலத்தில் பண்டார் உத்தாமாவும், 1995இல் திறக்கப்பட்ட ஒன் உத்தாமா பேரங்காடியும் எழுந்தன. ஈயம் எடுத்த பள்ளங்கள் கிளானா ஜெயாவின் ஏரிகளாயின. மற்றொரு சுரங்க நிலத்தில் பண்டார் சன்வே உருவாயிற்று.

நிலத்தின் மதிப்பில் நிகழ்ந்த இந்த உயர்வில் தொழிலாளியின் பங்கு என்ன என்பதைச் சட்டம் தெளிவாகவே வரையறுத்திருந்தது. 1980ஆம் ஆண்டின் பணிநீக்கப் பயன்கள் ஒழுங்குமுறைப்படி, ஐந்தாண்டுக்கு மேல் பணியாற்றியவருக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் கூலி குறைந்தபட்ச இழப்பீடு. 25 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் 500 நாள் கூலியோடு வெளியேறலாம் என்பது இதன் பொருள். வீட்டுக்கு ஈடாக வீடு தரவேண்டும் என்றோ, பிறந்து வளர்ந்த ஊரை இழந்ததற்கு ஈடு செய்யவேண்டும் என்றோ அவ்விதியில் ஏதும் இல்லை. கூலிக்கு ஈடு கணக்கிடப்பட்டதே தவிர, ஊருக்குக் கணக்கே எடுக்கப்படவில்லை. மலிவு வீடு வழங்கிய நிறுவனங்களும் இருந்தன. ஆனால் அது பேரம்பேசிப் பெற்ற சலுகையாகவே இருந்ததால், அணிதிரண்டு நிற்க முடிந்த தோட்டத்துக்குக் கிடைத்தது, சிதறிப்போன தோட்டத்துக்குக் கிடைக்கவில்லை.

இவ்வாறு வெளியேறியவர்களில் பலர் தூரம் போகவில்லை. நகரம் வேலை தந்தது, வீடு தரவில்லை. ஆகவே கிள்ளான் ஆற்றங்கரையிலும் பழைய கிள்ளான் சாலையை ஒட்டியும் கிடந்த நிலங்களில், கம்போங் மேடான், கம்போங் காந்தி, கம்போங் லிண்டுங்கான் முதலிய புறம்போக்குக் குடியிருப்புகள் பெருகின. தோட்டத்திலிருந்து வந்த தமிழரும், கிராமங்களிலிருந்து வந்த மலாய்க்காரரும், பின்னர் இந்தோனேசியத் தொழிலாளரும் அங்கே அடுத்தடுத்து வாழ்ந்தனர். 2000ஆம் ஆண்டளவில் மலேசிய இந்தியரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் நகர்ப்புறவாசிகளாகிவிட்டனர். இரண்டு தலைமுறைக்குள் நிகழ்ந்த இவ்வளவு பெரிய இடப்பெயர்ச்சிக்கு எந்த மீள்குடியேற்றத் திட்டமும் முன்கூட்டி வகுக்கப்படவில்லை.

ஆலைச் சங்கின் காலம்

வேலை தந்த இடங்களில் முதன்மையானது சுங்கை வே தடையற்ற வணிக வட்டாரம்; ஏற்றுமதிக்கான பொருள்களைச் சுங்க வரியின்றி உற்பத்தி செய்ய ஒதுக்கப்பட்ட வேலியிட்ட தொழிற்பகுதி அது. 1970களில் மோட்டோரோலா முதலிய மின்னணு நிறுவனங்கள் அங்கே ஆயிரக்கணக்கான இளம்பெண்களைப் பணியமர்த்தின. விடியுமுன் பால்மரக் காட்டில் உளி பிடித்த தாயின் மகள், நுண்பெருக்கியின் கீழ் மெல்லிய கம்பியை இணைக்கும் சுழல்முறைப் பணியாளரானாள். மாதச் சம்பளமும் சேமநிதியும் பல தமிழ்க் குடும்பங்களுக்கு முதன்முறையாகக் கைக்கு எட்டின; தம்பி தங்கையரின் படிப்புச் செலவை ஏற்ற அப்பெண்களின் உழைப்பு சமூகத்தின் முன்னேற்றத்தில் உரிய இடம் பெறாத ஓர் அத்தியாயம்.

அந்தக் காலமும் நிலைக்கவில்லை. உற்பத்தி மலிவான இடங்களுக்கு நகர்ந்தது. தொழிற்பேட்டை நிலத்தின் விலை ஆலையைவிட அலுவலகத்துக்கும் அடுக்ககத்துக்குமே பொருத்தமானதாயிற்று. செக்‌ஷன் 13இன் ஆலைகள் இருந்த இடங்களில் வணிக வளாகங்கள் எழுந்தன. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் தன் பெட்டாலிங் ஜெயா வன்தட்டு ஆலையை 2019 இறுதிக்குள் மூடுவதாக 2018இல் அறிவித்தது. தோட்டத்தை வெளியேற்றிய அதே நிலமதிப்பு, ஒரு தலைமுறை கழித்து ஆலையையும் வெளியேற்றியது. இரண்டு முறையும் வேலையை இழந்தோரில் ஒரே குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் இருந்தனர் என்பதுதான் இவ்வரலாற்றின் கசப்பு.

2001: புறக்கணிப்பின் விலை

2001 மார்ச்சில் கம்போங் மேடான் வட்டாரத்தில் வெடித்த வன்முறையில் ஆறு பேர் உயிரிழந்தனர். நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். உயிரிழந்தோரிலும் காயமுற்றோரிலும் பெரும்பாலோர் இந்தியர். அருகருகே நிகழ்ந்த ஒரு திருமணத்துக்கும் ஓர் இறுதிச்சடங்குக்கும் இடையே எழுந்த உரசல் அதன் தொடக்கமாகக் கூறப்பட்டது. குறுகிய சந்துகள், நெருக்கமான பலகை வீடுகள், பொது இடம் என்று சொல்லத்தக்க திடலோ மண்டபமோ இல்லாத நிலை, பகிர்ந்துகொள்ள வேண்டிய தண்ணீரும் சாலையும், நிலையான வேலையற்ற இளைஞர்கள் என அங்கே குவிந்திருந்த நெருக்கடியை எண்ணிப் பார்த்தால், துக்கமும் கொண்டாட்டமும் ஒரே சந்தில் மோதிக்கொண்டதை இனப்பகை என்ற ஒற்றைச் சொல்லால் விளக்கிவிட முடியாது என்பது புலப்படும்.

சில கிலோமீட்டர் அப்பால் திடலும் மண்டபமும் கணக்கிட்டு ஒதுக்கிய அதே நகரத்தின் எல்லைக்குள்தான் இது நடந்தது. புறம்போக்குக் குடியிருப்பு வரைபடத்தில் காலிநிலமாகக் காட்டப்பட்டதால், அங்கே எந்த வசதியும் ஒதுக்கப்பட வேண்டியதாக யாருக்கும் தோன்றவில்லை. நகரத் தமிழரின் வறுமை ஒரு தேசியக் கேள்வியாக உருவெடுத்ததில் கம்போங் மேடானுக்குப் பெரும் பங்குண்டு. 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூர் வீதிகளில் இந்து உரிமைகள் நடவடிக்கைக் குழுவான இண்ட்ராப்பின் பேரணி திரண்டபோது ஒலித்த குறைகளில், இடம்பெயர்ந்த தோட்டக் குடும்பங்களின் வீடும் கோயிலும் பள்ளியும் முன்னணியில் இருந்தன.

உயர எழுந்த லயங்கள்

புறம்போக்கு வீடுகளே இல்லாத சிலாங்கூரை 2005க்குள் உருவாக்குவது என மாநில அரசு இலக்கு வகுத்தது. பலகை வீடுகள் அகற்றப்பட்டன. தற்காலிக நீள்வீடுகளில் சிலகாலம் காத்திருந்தபின், குடும்பங்கள் தேசா மெந்தாரி போன்ற மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு மாறின. கூரையும் குடிநீரும் மின்சாரமும் கிடைத்தது உண்மையான முன்னேற்றமே. அதை மறுப்பது அக்குடும்பங்களின் அனுபவத்தையே மறுப்பதாகும். ஆனால் தோட்டத்தில் வீட்டுக்குப் பின்னே இருந்த காய்கறிப் பாத்தியும் மாட்டுக் கொட்டிலும் குடும்ப வருமானத்தின் பகுதிகள். அடுக்குமாடியில் அவை போனதோடு, பராமரிப்புக் கட்டணம் என்ற புதிய செலவும் மாதந்தோறும் சேர்ந்துகொண்டது.

அடுக்குமாடியின் மின்தூக்கி, நீர்த்தொட்டி, கூரை ஆகியவை பொதுச்சொத்து. அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பு 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி உரிமையாளர்களின் கூட்டு அமைப்பைச் சேர்ந்தது. வசதியானவர்கள் வாழும் அடுக்ககத்தில் இந்த ஏற்பாடு செம்மையாக இயங்குகிறது. வருமானம் நிலையற்ற குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் வாழும் கட்டடத்தில் கட்டணம் நிலுவையாகிறது. நிலுவையால் மின்தூக்கி பழுதாகிறது. பழுதான மின்தூக்கியைக் காட்டி மற்றவர்களும் கட்டணத்தை நிறுத்துகின்றனர். முழங்கால் வலியோடு பத்தாவது மாடிக்கு ஏற முடியாத மூதாட்டி வீட்டுக்குள்ளேயே முடங்குகிறார். ஏழைகளுக்கு மிகச் சிக்கலான கட்டடத்தைக் கொடுத்துவிட்டு அதன் பராமரிப்பையும் அவர்களிடமே ஒப்படைத்த கொள்கையின் விளைவு இது. குடியிருப்போரின் பொறுப்பின்மை என்று இதைக் குறைத்துச் சொல்வது நியாயமன்று.

பெட்டிச் செய்தி 3: மலிவு விலை வீட்டின் கணக்கு

1980களின் தொடக்கத்தில் மலேசிய அரசு மலிவு விலை வீட்டின் உச்சவிலையை 25,000 ரிங்கிட்டாக நிர்ணயித்தது. தனியார் வீடமைப்புத் திட்டங்களில் 30 விழுக்காடு இத்தகைய வீடுகளாக இருக்கவேண்டும் என்ற கொள்கையும் கடைப்பிடிக்கப்பட்டது. 1998இல் இடத்தின் நிலமதிப்பைப் பொறுத்து உச்சவிலை 42,000 ரிங்கிட் வரை உயர்த்தப்பட்டது. விலை கட்டுப்படுத்தப்பட்ட நிலையில், செலவு குறைக்கப்பட்டது பெரும்பாலும் வீட்டின் பரப்பிலும் கட்டுமானத் தரத்திலும் பொது வசதிகளிலும்தான்.

பெயரைச் சுமக்கும் பள்ளிகள்

தோட்டம் அழிந்தபின்னும் அதன் பெயர் தமிழ்ப்பள்ளிகளில் தங்கியிருக்கிறது. பண்டார் உத்தாமாவின் எஃபிங்ஹாம் தமிழ்ப்பள்ளியும் கிளானா ஜெயாப் பகுதியின் சீபோர்ட் தோட்டத் தமிழ்ப்பள்ளியும், பால்மரங்களே இல்லாத சுற்றுப்புறத்தில் தோட்டப் பெயரோடு இயங்குகின்றன. பழைய நகர்ப்பகுதியின் விவேகானந்தா தமிழ்ப்பள்ளியும், கம்போங் மேடான் வட்டாரத்தில் பின்னாளில் எழுந்த பி.ஜே.எஸ். 1 தமிழ்ப்பள்ளியும் நகரத் தமிழரின் தேவையிலிருந்து வளர்ந்தவை. மக்கள் இருக்கும் இடத்துக்குப் பள்ளி வரவேண்டும் என்ற எளிய நியாயத்தைப் பின்னது நிலைநாட்டியது. குடியிருப்பு உருவாகிப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே அது நிகழ்ந்தது என்பதும் மறக்கத்தக்கதன்று.

அண்டைப்புற அலகின் நடுவில் தொடக்கப்பள்ளி இருக்கவேண்டும் என்பதை முன்பே கண்டோம். தோட்டம் தாமானாக மாறியபோது, தமிழ்ப்பள்ளி இருந்த இடத்திலேயே நிற்க, அதற்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் வேறு திசைக்குப் போயின. பல பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை சரிய, புறநகர் அடுக்குமாடிகளின் பிள்ளைகளோ நடந்து செல்லும் தொலைவில் தமிழ்ப்பள்ளி இல்லாமல் வேன் கட்டணத்துக்குப் பெற்றோரின் சம்பளத்தைக் கரைத்தனர். கோயில்களின் நிலையும் இதை ஒத்ததே: தோட்டத்து மாரியம்மனுக்கு நிலப்பத்திரம் இல்லாததால், நிலம் கைமாறியதும் அக்கோயில் சட்டவிரோதக் கட்டடம் என்ற பெயரைப் பெற்றது.

யாருடைய ஆட்சேபம் செல்லும்

பெட்டாலிங் ஜெயாவின் குடியிருப்பாளர் சங்கங்கள் நாட்டிலேயே விழிப்புமிக்கவை. கின்றாரா - டாமான்சாரா விரைவுச்சாலைத் திட்டமான கிடெக்ஸை எதிர்த்து அவை நடத்திய இயக்கத்தால் அத்திட்டம் 2015இல் கைவிடப்பட்டது. அதே தடத்தை நினைவூட்டிய பி.ஜே.டி. லிங்க் மேம்பாலச் சாலையும் 2023இல் சிலாங்கூர் அரசால் நிறுத்தப்பட்டது. 1960களில் நிறுத்திவைக்கப்பட்ட ஊராட்சித் தேர்தல் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் முற்றாக நீங்கி, மன்ற உறுப்பினர்கள் மாநில அரசால் நியமிக்கப்படும் நாட்டில், மக்களின் இத்தகைய ஒருங்கிணைப்பு ஒரு பெரும் சாதனை.

எனினும் இந்த வலிமை எல்லோருக்கும் கிடைப்பதில்லை. நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் (சட்டம் 172), உள்ளூர்த் திட்டம் வகுக்கப்படாத பகுதிகளில் புதிய கட்டுமானத்தை எதிர்த்துக் கருத்துரைக்கும் உரிமையை அண்டை நிலங்களின் உரிமையாளர்களுக்கு வழங்குகிறது. வாடகைக்கு இருப்பவரும், நீள்வீட்டில் காத்திருப்பவரும், முப்பதாண்டு வாழ்ந்தும் பத்திரம் பெறாதவரும் இந்த வரையறைக்குள் வருவதில்லை. வழக்கறிஞரும் பொறியாளரும் ஓய்வுபெற்ற அதிகாரியும் அண்டைவீட்டாராக உள்ள தெருவால் ஒரு நெடுஞ்சாலையையே நிறுத்த முடிகிறது. இரவுக் காவல் பணிக்குச் செல்வோர் நிறைந்த அடுக்குமாடியால் ஒரு மின்தூக்கியை ஓடவைக்க முடிவதில்லை.

மறுகட்டுமானத்துக்கு முன்

நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதா முன்வைத்த ஒப்புதல் அளவுகளை இந்தப் பின்னணியில் படிக்கவேண்டும். முப்பதாண்டுக்கு உட்பட்ட கட்டடத்துக்கு 80 விழுக்காடு, அதற்கு மேற்பட்டதற்கு 75 விழுக்காடு, பாதுகாப்பற்றது அல்லது கைவிடப்பட்டது எனக் கருதப்படுவதற்கு 51 விழுக்காடு உரிமையாளர்களின் சம்மதம் போதும் என்பது அதன் ஏற்பாடு. சம்மதிக்காத சிறுபான்மை உரிமையாளரின் சொத்துரிமை என்னாகும் என்பதைப் பற்றியே பொதுவிவாதம் பெரிதும் நடந்தது. அக்கேள்வி முக்கியமானது, ஆனால் அதைவிட முன்னதாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பாதுகாப்பற்றது என அறிவிக்கப்படும் வாய்ப்பு மிகுந்த பழைய மலிவு அடுக்குமாடிகளில் வாழ்வோரில் பலர் வாடகைக் குடிகள். நூறு விழுக்காட்டு உரிமையாளர்கள் சம்மதித்தாலும், அங்கே உண்மையில் உறங்கி எழும் குடும்பங்களில் ஒன்றுகூடச் சம்மதித்திராத நிலை ஏற்படலாம்.

நிலத்தின் காலக்கெடுவும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. பெட்டாலிங் ஜெயாவின் பல பகுதிகள் குத்தகை நிலங்கள். குறித்த ஆண்டுகள் முடிந்ததும் அவை மாநிலத்துக்குத் திரும்பும். தாமே குடியிருக்கும் வீட்டுக்காரர்கள் 1,000 ரிங்கிட் செலுத்திக் குத்தகையை நீட்டித்துக்கொள்ளும் வாய்ப்பைச் சிலாங்கூர் அரசு வழங்கியது, குடியிருப்பவரின் நலனை நிலத்தின் சந்தைமதிப்புக்கு மேலாக வைக்க ஓர் அரசால் முடியும் என்பதற்குச் சான்று. அந்த மனப்பாங்கைப் பத்திரம் உள்ளவரோடு நிறுத்திக்கொள்ளாமல் அடுத்த படிக்கு எடுத்துச் செல்வதே இன்றைய தேவை.

அதற்கான வழிகள் கைக்கு எட்டாதவை அல்ல. எந்தக் கட்டடத்தை இடிப்பதற்கு முன்னும் உரிமையாளரோடு வாடகைக் குடிகளையும் வீடுவீடாகக் கணக்கெடுத்து, அவர்களுக்கு அதே வட்டாரத்தில் கட்டுப்படியாகும் வாடகைக்கு மாற்று வீடு உறுதிசெய்த பின்னரே அனுமதி வழங்கவேண்டும். உயரும் அடர்த்தியால் மேம்பாட்டாளர் பெறும் ஆதாயத்தின் ஒரு பகுதி, மலிவு அடுக்குமாடிகளின் மின்தூக்கி, நீர்த்தொட்டி போன்றவற்றுக்கான நிரந்தரப் பராமரிப்பு நிதியாக ஊராட்சியிடம் சேரவேண்டும். தமிழ்ப்பள்ளிக்கும் வழிபாட்டிடங்களுக்கும் வரைபடம் வரையும்போதே இடம் ஒதுக்கப்படவேண்டும். குடியிருப்பாளர் சங்கங்களின் மேசையில் தேசா மெந்தாரியும் கம்போங் மேடானும் நாற்காலி பெறவேண்டும். சங்கங்களை நடத்தும் நடுத்தர வகுப்புத் தமிழர்களுக்கு இதில் தனிக் கடமை உண்டு.

1952இல் எஃபிங்ஹாம் தோட்டத்தின் மேல் விரிக்கப்பட்ட வரைபடம் அறிவும் அக்கறையும் உள்ளவர்கள் வரைந்தது. அதன் பயனை இன்றும் பல்லாயிரம் குடும்பங்கள் அனுபவிக்கின்றன. அந்தத் திட்டத்தின் குறை, அது கேட்கத் தவறிய ஒரே கேள்வியில் இருக்கிறது: இந்த நிலத்தில் இப்போது வாழ்பவர் யார்? அவசரகாலத்தின் பதற்றத்தில் அன்றைய காலனியாட்சி அதைக் கேட்காமல் விட்டதற்குக் காரணம் சொல்லலாம். தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுகளும் கணினிமயமான பதிவேடுகளும் எழுபதாண்டு அனுபவமும் கொண்ட இன்றைய மாநகரத்துக்கு அத்தகைய காரணம் எதுவும் இல்லை.